உஷார்! அப்பாவுக்கு ‘ஐ7’ வாங்கப் போகிறீர்களா?

“ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு மவுஸ் ஃப்ரீ! எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள்!” வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விளம்பரம் வந்ததும் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு ஃபார்வர்டு ஆகிவிடுகிறது. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். யூடியூபில் கச்சேரி கேட்பார், இ-பேப்பர் படிப்பார், பேத்தியோடு வீடியோவில் பேசுவார், பென்ஷன் ஏறிவிட்டதா என்று பேங்க் கணக்கைப் பார்ப்பார். இதற்கு ஐ7 தாராளம் என்று முடிவாகி, அரை மணி நேரத்தில் அட்வான்ஸ் ஜிபே ஆகிவிடும்.

பொறுங்கள். பணம் அனுப்பும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐ7-க்கு அப்புறம் என்ன நம்பர்?”

‘2600’ என்று வரும், இல்லையென்றால் ‘3770’. முதலாவது இன்டெல் 2011 ஜனவரியில் வெளியிட்டது. இரண்டாவது 2012-ல் வந்தது. ஏதோ ஒரு அலுவலகம் மொத்தமாகக் கழித்துக்கட்டிய கணினிகளிலிருந்து பிடுங்கிய சிப்பு அது. அதை மாட்ட எச்61 ரக மதர்போர்டு. அந்த ரகமும் 2011-ஐச் சேர்ந்ததுதான். சீனாவில் இன்னமும் அதைத் தயாரித்து, புது அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டி புதுசு, பிளாஸ்டிக் உறை புதுசு, ‘ஒரு வருஷம் வாரண்டி’ ஸ்டிக்கர் புதுசு, கண்ணாடிக் கதவு போட்ட கேபினட்டுக்குள் நீலமும் சிவப்புமாகச் சுற்றுகிற விளக்கும் புதுசு. சிப்பு மட்டும் கிழடு.

பழசானால் என்ன, ஓடுகிறதே என்பீர்கள். ஓடும். அந்த ஐ7 இன்றைக்கும் யூடியூபைத் திறக்கும், வேர்டில் கடிதம் அடிக்க விடும். வேகத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதலாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-ஐப் போடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசர் பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017-ல்தான். இந்த 2600 இரண்டாம் தலைமுறை.

ஆனாலும் கடையில் விண்டோஸ் 11 போட்டுத்தான் கொடுப்பார்கள். சோதனையைத் தாண்டிக் குதிக்கிற மாதிரி பென் டிரைவ் தயார் செய்வது ஒரு சின்னப் பையனுக்குப் பத்து நிமிஷ வேலை. திரை பளிச்சென்று வரும், நீங்களும் திருப்தியாக வீட்டுக்கு வருவீர்கள். அப்படிப் போட்ட இயந்திரத்துக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை. ஆண்டுக்கொரு முறை வருகிற பெரிய அப்டேட்டை ஒவ்வொரு முறையும் யாராவது வந்து கையால்தான் போட வேண்டும். நீங்கள் பெங்களூரில் இருந்தால் யார் போடுவது?

இருபது வயதுப் பையன் கேம் ஆடுகிற கணினி இந்தக் கதியில் இருந்தால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். அவனுடைய பேங்க் கணக்கில் முந்நூறு ரூபாய் இருக்கும். உங்கள் அப்பாவின் கணினிக்குப் பின்னால் இருப்பது கிராஜுவிட்டி, பி.எஃப்., வீடு விற்ற பணம், அம்மா பெயரில் போட்ட பிக்சட் டெபாசிட். மோசடிக்காரன் தேடுவது இப்படிப்பட்ட வீட்டைத்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த விலைக்குள் விண்டோஸ் லைசன்ஸ் எப்படி அடங்கும்? அடங்காது. கிராக் செய்துதான் போட்டிருப்பார்கள். பல கிராக்குகளை ஓட்டுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு, எங்கிருந்தோ இறக்கிய ஒரு ஃபைலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். அந்த ஃபைல் விண்டோஸை மட்டும் ஆக்டிவேட் செய்ததா, கூடவே வேறு எதையாவது உள்ளே உட்கார வைத்ததா என்று போட்ட பையனுக்கே தெரியாது. இந்தக் கணினியில்தான் அப்பா நெட்பேங்கிங் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கப் போகிறார். ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிற ‘ஒரிஜினல் கீ’யையும் நம்ப வேண்டாம். ஏதோ ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய லைசன்ஸை உதிரியாக விற்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படலாம். லைசன்ஸுக்குப் பணமில்லையா, லினக்ஸ் மின்ட் போடுங்கள். பிரவுசரும் வீடியோ காலும் மட்டும் வேண்டியவருக்கு அது போதும், காசும் கிடையாது. கிராக் விண்டோஸை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுத்த ஆபத்து கரண்ட்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். “கேபினட்டைத் தொட்டா எறும்பு கடிக்கிறாப்ல இருக்கு சார்” என்று கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி இன்னும் துல்லியமாகச் சொன்னார்: “அவர் செருப்பு போட்டுண்டு உக்காந்தா ஒண்ணும் ஆறதில்லை. நான் ஈரத் துணியோட தரையைத் துடைச்சிண்டு வரும்போது கை பட்டாத்தான் சுர்ருங்கறது.” கேபினட்டின் பின்பக்கத் திருகாணியில் டெஸ்டரை வைத்தேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்குகிற கன்வெர்டரில் செருகி, அதை ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தார்கள். எர்த் என்பதே இல்லை.

இதன் காரணம் எளிது. கணினிக்கு மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டச் சில கண்டன்சர்கள் உண்டு. அவை கேபினட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினட் முழுக்க, வருகிற 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் வெறும் சுர் என்ற உணர்வோடு போகிறது. நாளைக்கு உள்ளே ஒரு ஒயரின் உறை கிழிந்து உலோகத்தில் பட்டால் சுர் என்பதோடு நிற்காது. ஈரத் தரை, வெறுங்கால், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நினைத்துப் பாருங்கள். கணினி வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கணினிச் செலவிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் வாங்கியபோது எடையே இல்லை. வெளியே ‘450 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்து. உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர், மெலிந்த ஒயர்கள். கேபினட்டோடு இலவசமாக வருகிற இந்த ரகம், எழுதியிருப்பதில் பாதி சுமையைத் தாங்கினாலே பெரிய விஷயம். கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில் ஒரு நாள் டப் என்று சத்தம் கேட்கும். போகும்போது மதர்போர்டையும் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போகும். டிஸ்க் போனால் கல்யாண வீடியோ, பேத்தியின் போட்டோ எல்லாம் போச்சு. இந்த மாதிரி வீட்டுக் கணினி நூறு வாட்டுக்கு உள்ளேதான் பெரும்பாலும் இழுக்கும், ஆகவே பெரிய வாட்ஸ் எண் தேவையே இல்லை. பெயர் தெரிந்த நிறுவனத்தின் 400, 450 வாட்ஸ், 80 பிளஸ் சான்று பெற்றது, தனிப் பெட்டியில் தனி வாரண்டியோடு வருவது. இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

டிஸ்க் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் இருக்கிற டிஸ்க் எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும், 256 ஜிபி போதும். ‘கூடுதலாக 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஃப்ரீ’ என்றால் உஷார். சிசிடிவி பெட்டிகளில் ராப்பகலாகச் சுழன்று களைத்த டிஸ்க்குகள் ஸ்டிக்கர் மாற்றி இப்படி இலவசமாக வருகின்றன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். நாற்பதாயிரம் என்று காட்டினால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் காட்டினாலும் முழுசாக நம்ப முடியாது. அந்த மீட்டரைத் திருப்பி வைக்கிற வித்தையும் உண்டு. 2025 தொடக்கத்தில், ஓடித் தேய்ந்த டிஸ்க்குகள் ஜெர்மனியில் இப்படிப் புதியவையாக விற்கப்பட்டது பெரிய செய்தியானது. எஸ்எஸ்டியிலும் போலி இருக்கிறது. நம்ப முடியாத விலையில் வருகிற ‘2 டிபி’ டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். திரையில் 2 டிபி என்றே காட்டும். உண்மையான கொள்ளளவு நிறைந்த பிறகு போடுகிற படம் எதுவும் திறக்காது.

ராம் விஷயத்தில் காலமே கெட்டுக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் நம் வீட்டுக் கணினிகளுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புது ராம் எட்டாத விலைக்குப் போனால் பழைய டிடிஆர்3 ராம் போட்ட இந்த மாதிரி ‘ஐ7’ செட்டுகளுக்குத்தானே கிராக்கி வரும்? ஆகவே விளம்பரங்கள் இனி இன்னும் அதிகமாகத்தான் வரும். இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டி பிராசசருக்குரிய போர்டில் மட்டுமே வேலை செய்கிற மலிவு ராம் ஒன்றும் சந்தையில் சுற்றுகிறது. இன்டெல் போர்டில் மாட்டினால் திரையே வராது. அப்பாவுக்கு 16 ஜிபி வேண்டாம். 8 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டு, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள். விலை இறங்கினால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, பழசு வேண்டாம், புதுசே வாங்குகிறேன் என்று போனால் அங்கே ஒரு எழுத்து காத்திருக்கிறது. இன்டெல் ஐ3 12100, 2022-ல் வந்தது, இந்த வேலைக்கு மிக நல்ல பிராசசர். அதன் பக்கத்திலேயே 12100எஃப் என்று ஒன்று, விலை குறைவு. அந்த ‘எஃப்’ வந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, மானிட்டரில் படமே வராது. “அதுக்கு ஒரு கார்டு போட்டுக்கலாம் சார்” என்று ஒரு பழைய ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டைத் தலையில் கட்டுவார்கள். மிச்சம் பிடித்த காசு அதில் போகும், கூடவே இன்னொரு ஃபேன், இன்னொரு சூடு, இன்னொரு ரிப்பேர். ஏஎம்டியில் எழுத்து வேறு மாதிரி வேலை செய்யும்: ‘ஜி’ இருந்தால் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ரைசன் 5 5600ஜி தாராளம், 3200ஜி-யும் போதும். ஆனால் அதே சாயலில் 2200ஜி என்று செகண்ட் ஹேண்டில் வரும். அது விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, தொடாதீர்கள்.

என்னைக் கேட்டால், பட்ஜெட் இறுக்கமாக இருக்கிறவர்கள் அசெம்பிள் செய்யவே வேண்டாம். அலுவலகங்களிலிருந்து வருகிற ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் நல்லது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரியானவை. ஐ5 8500 அல்லது அதற்கு மேல் என்று நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த 8500, 2018-ல் வந்தது. இவற்றில் எஸ்எம்பிஎஸ் நிறுவனமே போட்டது, விண்டோஸ் லைசன்ஸும் பெரும்பாலும் இயந்திரத்தோடு ஒட்டியே வரும். குறை ஒன்று உண்டு. எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு போனால் அதே மாடலுக்கானதைத்தான் தேட வேண்டும், கடையில் சட்டென்று கிடைக்காது. இன்னொரு வழி இன்டெல் என்100 போட்ட மினி பிசி. மானிட்டருக்குப் பின்னால் திருகி மாட்டிவிடலாம், கரண்ட் மிகக் குறைவு, தரையில் பெட்டியே இருக்காது. முதியவர் காலில் ஒயர் தட்டாது என்பதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

எதை வாங்கினாலும் வைஃபை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மலிவான மதர்போர்டுகளில் அது இருக்காது. டெஸ்க்டாப்பில் கேமராவோ மைக்கோ தானாக வராது என்பதும் பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது. பேத்தியோடு பேசத்தான் கணினியே வாங்கினோம் என்றால் வெப்கேமராவுக்கு முதலிலேயே காசு ஒதுக்குங்கள்.

ஐ7-க்கு ஆசைப்பட்டு எல்லோரும் கை வைப்பது மானிட்டரில்தான். அங்கேதான் முதியவருக்கு உண்மையான பயன் இருக்கிறது. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, மங்கலான எழுத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். செட்டோடு வருகிற பழைய 22 இன்ச் பெரும்பாலும் மலிவான டிஎன் ரகம். சற்று எழுந்து உட்கார்ந்தாலே நிறம் மாறும். ஐபிஎஸ் ரகம் கேளுங்கள். 27 இன்ச், ஃபுல் எச்டி போதும். ‘4கே எடுங்க சார், ஷார்ப்பா இருக்கும்’ என்பார்கள். அதே அளவுத் திரையில் புள்ளிகள் கூடினால் எழுத்து பொடிசாகும், பிறகு செட்டிங்கில் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஃபுல் எச்டியில் 24-லிருந்து 27-க்குப் போனால் எதையும் தொடாமலே எழுத்து எட்டில் ஒரு பங்கு பெரிதாகிறது.

உயரத்தையும் பாருங்கள். இருபார்வைக் கண்ணாடியோ புரோகிரசிவ் கண்ணாடியோ போட்டவர் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பார். மானிட்டர் உயரமாக இருந்தால் முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஒரு மாதத்தில் கழுத்து வலி. ஸ்பாண்டிலைட்டிஸ் என்று நினைத்துக்கொண்டு டாக்டரிடம் போவார். மானிட்டருக்கு அடியில் டெலிபோன் டைரக்டரியை அடுக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அவருக்குத் திரை தாழ்வாகவே இருக்கட்டும்.

மவுஸ் ஒயர் உள்ளதாக, கைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தால் நடுங்குகிற கைக்கு நல்லது. பேட்டரி தீர்ந்து ‘கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு’ என்று போன் வராது. பாயிண்டர் வேகத்தையும் டபுள் கிளிக் வேகத்தையும் குறைத்து வைத்துவிட்டு வாருங்கள். கீபோர்டில் விளக்கு மின்னுவதெல்லாம் வேண்டாம், கருப்பில் வெள்ளை எழுத்து பெரிதாக இருந்தால் சரி. யூஎஸ்பி துளை கேபினட்டின் முன்பக்கம் இருக்கட்டும். பின்னால் குனிந்து தேடி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களைத் தெரியும். யுபிஎஸ் 600 விஏ போதும், பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு சில்லறை விஷயம் பெரிய கலவரம் பண்ணும். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு போலச் சின்ன பேட்டரி இருக்கும், சிஆர்2032. பழைய போர்டில் அது செத்திருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அடுத்த நாள் போட்டதும் ‘எஃப்1 அழுத்தவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கருப்புத் திரை. தாண்டி உள்ளே போனால் பேங்க் இணையதளம் ‘பாதுகாப்பில்லை’ என்று சிவப்பாக மிரட்டும். தேதி தப்பு என்பதால் வருகிற எச்சரிக்கை அது. ஆனால் முதியவர் என்ன செய்வார்? ‘அட்வான்ஸ்டு’ அழுத்தி உள்ளே போகலாம் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நிஜமாகவே போலித் தளம் வரும்போதும் அதையே அழுத்துவார். பழைய போர்டு வாங்கினால் அங்கேயே நின்று புது பேட்டரி போட்டுக்கொண்டு வாருங்கள்.

சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்குப் போவீர்கள், மற்ற ஊர்களிலும் அப்படி ஒரு தெரு இருக்கும். “பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா?” என்ற கேள்வி வரும். ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று மனசு ஆடும். பில் இல்லாமல் வாங்கினால் பிராசசர் நிறுவனம், டிஸ்க் நிறுவனம் யாரிடமும் போய் நிற்க முடியாது. பில்லில் ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் - 1’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். பிராசசர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றுக்கும் மாடல், சீரியல் நம்பர் தனித்தனி வரியாக வேண்டும். பிராசசர் பெட்டியோடு வருவதுதானா என்றும் பாருங்கள். இன்டெல் பெட்டிக்கு மூன்று வருஷ வாரண்டி. ‘டிரே’ என்று பெட்டியில்லாமல் தருவதற்கு இன்டெல் உங்களுக்கு நேரடியாகப் பொறுப்பேற்காது, கடைக்காரர் வாய் வார்த்தைதான்.

கடைசியாக, கணினியை வீட்டில் இறக்கிவிட்டுப் போகிற பையன் ஒரு காரியம் செய்வான். “ஏதாவது பிரச்சினைன்னா போன் பண்ணுங்க சார், நான் கடையில இருந்தே பாத்துக்கறேன்” என்று எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போட்டு, தனக்கு வசதியாக நிரந்தர பாஸ்வேர்டும் வைத்துவிடுவான். பையன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் வேலையை விட்டுப் போன பிறகு அந்த பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும்? அவன் கிளம்பும் முன் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால், பாஸ்வேர்டு பிள்ளைகளான உங்களில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று அலறுகிற திரைகளும், போலீஸ் உடையில் வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறவர்களும் கேட்பது இதே தூரத்து இணைப்பைத்தான், இல்லையென்றால் நேராகப் பணத்தை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930. போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் திட்டுவார்களே என்று மறைத்து வைத்து, மூன்று நாள் கழித்துச் சொல்கிற அப்பாக்கள்தான் அதிகம். கணினியைக் கையில் கொடுக்கிற அன்றைக்கே, ‘எவ்வளவு போனாலும் திட்டமாட்டோம், முதலில் 1930-க்கு அடியுங்கள், பிறகு எங்களுக்கு’ என்று அவரிடம் சொல்லி, அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் சட்டத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.